கோல் புகுத்தாதவரின் வரலாறு



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘நான் போற்றும் விளையாட்டாளர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். காற்பந்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அனைவரும் கோல் புகுத்தும் ஆட்டக்காரர்களைப் பற்றியே எழுத முனைந்தனர். ஒரு மாணவன் மட்டும் வெறுந்தாளுடன் என் மேசையருகே வந்து நின்றான். பள்ளிக் குழுவில் அவன் பின்னால் நிற்பவன், தற்காப்பு ஆட்டக்காரன். “ஐயா, பேக்கில நிக்கிறவங்கள்ல நம்மாளு யாராச்சும் வெளியூருக்குப் போயி ஆடியிருக்காங்களா?” என்று கேட்டான்.

எளிய வினாதான். ஆயினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயர் நாவில் வந்தது. ஆனால் அவர் கோல்காவலர். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் பெயர் வந்தது. அவர் தம் ஆட்டக்காலத்தில் தாக்குதல் ஆட்டக்காரர். பின்வரிசையில் நின்றவர், அதிலும் எல்லை தாண்டிச் சென்று கூலிக்கு ஆடியவர் யார்? இரண்டு வாரங்கள் பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்து அம்மாணவனுக்காகத் திரட்டியதே இக்கட்டுரை. பெரியவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சிரம்பான் மாவட்டத்தில் உள்ள செண்டாயான், ஒரு காலத்தில் ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறம். இந்நாளில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்றால் புதிய வீடமைப்புப் பகுதிகள், தொழிற்பேட்டை, விமானப்படைத் தளம் என்றே எல்லாருக்கும் நினைவு வரும். இங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் மூன்று இடங்கள் கட்டாயம் இருந்தன: கோயில், தமிழ்ப்பள்ளி, திடல். திடல் என்றால் புல்தரை என்று எண்ணிவிட வேண்டாம். பாதி புல், பாதி செம்மண். மழைக்காலத்தில் ஒரு பக்கக் கோல்கம்பத்தின் முன் குளம் நிற்கும்.

தோட்டத்துக் காற்பந்தில் யார் எங்கே நிற்பது என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்யவில்லை. பயிற்றுநர் என்று ஒருவர் இருந்ததே அரிது. வேகமாக ஓடும் இளைஞன் முன்னால் போவான். உயரமானவன், உடல் வலுவுள்ளவன், அல்லது வயது சற்று ஏறியவன் பின்னால் நிற்பான். காலையில் மரம் வெட்டி, பால் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் திடலுக்கு வருபவர்கள் அவர்கள். பலர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்ஸ் அணிந்த நகரத்து அணியுடன் மோதும்போது முதலில் அடிபடுவது பின்னால் நிற்பவனின் கணுக்காலே. கால் வீங்கினால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நாட்கூலிக்காரன் ஒரு பந்தைத் தடுக்கக் காலை நீட்டும்போது அன்றைய கூலியையும் சேர்த்தே நீட்டினான் என்பேன். இதை மிகை என்று கருதுவோர் தங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1921ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மலாயா’ என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் வழங்கிய கிண்ணத்துக்காக மலாயா மாநிலங்களும் சிங்கப்பூரும் மோதத் தொடங்கிய ஆண்டு அது. மலாயா கிண்ணம் என்று வழங்கிய அப்போட்டியே 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. அதே 1921இல் கடலுக்கு அப்பால் இலங்கையில் வேறொன்று நடந்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நடைமுறையிலிருந்த ‘துண்டு’ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு என்றால் என்ன? தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இவர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன் என்பது அச்சீட்டின் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைப் பழைய தோட்டத்துக்குக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தக் கடனும் ஆளோடு சேர்ந்தே புதிய தோட்டத்துக்கு வரும்.

காற்பந்தைப் பற்றிப் பேசும்போது துண்டு எதற்கு என்று கேட்கலாம். தொழில்முறைக் காற்பந்தை உலகுக்குக் கொடுத்த இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே முறைதான் நடந்தது! ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைப் பழைய கிளப் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேறு கிளப் வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டும். 1961 வரை ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கு வாரம் 20 பவுண்டு என்ற உச்சவரம்பும் இருந்தது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்பவர் தொடுத்த வழக்கில் அந்தப் பிடியை நீதிமன்றம் தளர்த்தியது, அடியோடு அறுக்கவில்லை. அதை அறுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் போஸ்மன். அவர் பெரிய நட்சத்திரம் அல்லர். லியேஜ் கிளப்பில் 1990இல் ஒப்பந்தம் முடிந்து, பிரான்சில் இரண்டாம் நிலையில் ஆடிய டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பிய ஒரு நடுத்தர ஆட்டக்காரர். பழைய கிளப் அவரை விடவில்லை. தன்னோடு தங்கினால் ஊதியத்தை வெகுவாகக் குறைப்பதாகவும் கூறியது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15ஆம் நாள் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை கேட்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டவரை அயலார் என்று எண்ணிக்கை வைத்துத் தடுக்கவும் கூடாது என்றது. தீர்ப்பால் கோடி கோடியாய்ச் சம்பாதித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். போஸ்மனோ வழக்கு நடந்த ஐந்தாண்டுகளில் தம் ஆட்டக்காலத்தையே தொலைத்துவிட்டார்.

தேயிலைத் தொழிலாளிக்கு 1921இல் கிடைத்த உரிமை, காற்பந்துத் தொழிலாளிக்குக் கிடைக்க மேலும் 74 ஆண்டுகள் ஆயின. இதை எங்கள் வகுப்பில் கூறியபோது பிள்ளைகள் நம்பவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே கிளப்பைவிட மாநிலமே பெரிது. மலேசியக் கிண்ணத்தில் மோதியவை மாநில அணிகள். ஆட்டக்காரர்கள் பெயரளவில் தொழில்முறையினர் அல்லர். அரசுத் துறையிலோ வங்கியிலோ மாநில நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினர். நல்ல ஆட்டக்காரர் ஒருவரைத் தன் பக்கம் இழுக்க விரும்பும் மாநிலம் அவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்காது. ஒரு வேலை வாங்கிக் கொடுக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. காற்பந்தால் கிடைத்த குமாஸ்தா வேலையால் குடும்பமே பால்மரக் காட்டை விட்டு வெளியேறிய கதைகளை முதியவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் வேலை ஒரு மாநிலத்தில் என்றால் ஆட்டமும் அங்கேயேதான். எல்லை தாண்டும் எண்ணமே பலருக்கு எழவில்லை.

அக்காலத்துப் பின்வரிசைத் தமிழர்களில் முதலில் நிற்பவர் எம். சந்திரன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். முதல் ஆட்டத்தில் போட்டியை நடத்திய மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோல்வி. எதிரணியில் ஊலி ஹோனஸும் ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்டும் ஆடினர். இருவரும் பிற்காலத்தில் ஐரோப்பியக் காற்பந்தில் பெரும்புள்ளிகள். அடுத்து அமெரிக்காவை 3-0 என வென்றது மலேசியா. மூன்றாவது ஆட்டத்தில் மொரோக்கோவிடம் 0-6. இந்த மூன்று எண்களையும் சற்று உற்று நோக்குங்கள். அமெரிக்காவுக்கு எதிராகப் போட்ட மூன்று கோல்களைப் பற்றிக் கேட்டால் போட்டவர் பெயர் கிடைக்கும். மொரோக்கோவிடம் விட்ட ஆறு கோல்களைப் பற்றிக் கேட்டால் பழி பின்வரிசைக்குப் போகும். அமெரிக்கரை ஒரு கோல்கூடப் போட விடாமல் தடுத்தது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

சிங்கப்பூரிலும் இதுவே நிலை. 1977 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என வென்றது. அதைப் பற்றிப் பேசுவோர் குவா கிம் சோங்கைப் பற்றியும் டொல்லா காசிமைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவர். அவ்வணியின் தலைவர் நடுத் தற்காப்பில் நின்ற சமத் அல்லாபிச்சை. பிச்சை என்று முடியும் அப்பெயர் எந்த ஊர்ப் பெயர் என்பதைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைவராக இருந்தும் பேச்சில் பின்வரிசைதான்.

இப்போது என் மாணவன் கேட்ட ஆளிடம் வந்துவிட்டோம். அவர் டெரி பத்மநாதன். சிங்கப்பூர்க்காரர்; பின்வரிசையில் நின்றவர்; அந்நாட்டுத் தேசிய அணிக்குத் தலைவராகவும் இருந்தவர்.

அவர் எல்லை தாண்டிய காலத்தைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி தேவை. 1921 முதல் மலாயா கிண்ணத்திலும் மலேசியக் கிண்ணத்திலும் ஆடிவந்த சிங்கப்பூர், 1981 இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 0-4 எனத் தோற்றது. அதன்பின் 1982, 1983, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளும் அப்போட்டியில் சிங்கப்பூர் இல்லை. 1985இல்தான் திரும்பியது. வார இறுதியில் தேசிய அரங்கம் நிறைய ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் ஆடிப் பழகிய ஆட்டக்காரர்கள் திடீரென உள்ளூர் லீக்கின் வெற்று இருக்கைகளைப் பார்த்து ஆட வேண்டிய நிலை. அப்போதுதான் சிங்கப்பூர்க்காரர்கள் வெளியே பார்க்கத் தொடங்கினர். ஃபண்டி அகமது இந்தோனேசியாவின் சுராபாயாவில் நியாக் மித்ரா அணிக்கும், 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் அணிக்கும் சென்றார். அது உலகறிந்த செய்தி. பாட நூலில்கூடச் சேர்க்கலாம்.

அதே காலத்தில் பத்மநாதன் சென்ற இடம் பகாங்!

ஹாலந்து எங்கே, பகாங் எங்கே என்று சிரிக்க வேண்டாம். அன்றைய பகாங் அணிக்கு மலேசியக் கிண்ணம் எட்டாக்கனி. ஒரு முறைகூட வென்றதில்லை. சிலாங்கூரோ கிண்ணத்தைத் தன் வீட்டுப் பாத்திரம்போல் வைத்திருந்த அணி. 1978, 1979, 1981, 1982 என ஐந்தாண்டுகளில் நான்கு முறை வென்றிருந்தது. 1983 இறுதியாட்டத்தில் இவ்விரு அணிகளும் மோதின. பகாங் 3-2 என வென்றது. பகாங் மாநிலத்தின் முதல் மலேசியக் கிண்ணம் அதுவே. அந்த அணியின் பின்வரிசையில் எல்லை கடந்து வந்த ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது.

அவ்வாண்டு நான் சிறுவன். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது; இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பெரிய ஆட்டம் உள்ள இரவுகளில் மட்டும் கிராணியாரிடம் சொல்லிவைத்து சற்று நீட்டிப்பார்கள். மண்டபத்துத் தொலைக்காட்சி முன் நெகிரி செம்பிலான்காரர்கள் நாங்கள் அனைவரும் பகாங்குக்குக் கை தட்டினோம். காரணம் ஒன்றுமில்லை. சிலாங்கூர் தோற்க வேண்டும், அவ்வளவுதான்! ‘பத்மநாதன்’ என்ற பெயர் ஒலிபரப்பாளர் வாயில் வந்தபோதெல்லாம் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தம் நாட்டு அணி போட்டியிலேயே இல்லாத ஆண்டில், வேறொரு மாநிலத்தின் உடை அணிந்து, அம்மாநிலத்துக்கு அது வரை கிட்டாத கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த அணியில் நின்றவர் அவர். அடுத்த ஆண்டு இறுதியிலும் அதே இரு அணிகள். இம்முறை சிலாங்கூர் 3-1. 1985இல் சிங்கப்பூர் கிண்ணப் போட்டிக்குத் திரும்பியபோது பழைய கதை தொடர்ந்தது. ஃபண்டியின் ஹாலந்துப் பயணத்துக்கு நூல்கள் உண்டு. பத்மநாதனின் பகாங் பயணம் இறுதியாட்ட முடிவுப் பட்டியலில் ‘3-2’ என்ற எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

தாக்குதல் ஆட்டக்காரருக்கு வெளிநாட்டு வாழ்க்கை எளிது என்று இதனால் எண்ணிவிடக்கூடாது. சிங்கப்பூரின் மற்றொரு தமிழர் வி. சுந்தரமூர்த்தியை எடுத்துக்கொள்வோம். பந்தை வசியம் செய்பவர் என்று பெயர் பெற்றவர். 1988இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அணிக்குச் சென்றார். பாசல் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு சாம்பியன்ஸ் லீக் நினைவுக்கு வரும். அன்று அப்படியன்று. 1987-88 பருவத்தின் முடிவில் பாசல் முதல் நிலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆறாண்டுகள் இரண்டாம் நிலையிலேயே கிடந்தது. சுந்தரமூர்த்தி சென்று சேர்ந்தது அந்த முதல் ஆண்டில். பனியும் குளிரும் அறியாத மொழியும் சூழ, ஐரோப்பாவின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய தமிழர் அவர். ஒரு பருவத்தில் திரும்பிவிட்டார். பிற்காலத்தில் மலேசிய மாநில அணிகளுக்கு ஆடினார். 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர்த் தேசிய அணிக்குப் பயிற்றுநராகவும் விளங்கினார். அவர் பாசலில் வெற்றி பெற்றாரா தோற்றாரா என்று வாதிடுவோர் உண்டு. இரண்டாம் நிலைக்கு இறங்கிப் பதற்றத்திலிருந்த ஓர் அணிக்குள், ஆசியாவிலிருந்து தனியாக நுழைந்த இருபத்து மூன்று வயது இளைஞர் ஓர் ஆண்டு தாக்குப்பிடித்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தற்காப்பு ஆட்டக்காரர் ஏன் இப்படிப் போக முடிவதில்லை? காரணம் கணக்கில் இருக்கிறது. பல லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இத்தனை இடம் என்று வரம்பு உண்டு. இரண்டே இடம் இருந்தால் கிளப் யாரை வாங்கும்? முதலில் கோல் போடுபவரை. அடுத்து அவருக்குப் பந்து கொடுப்பவரை. தடுப்பவரை உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும். ஆகவே கடல் தாண்டும் தற்காப்பு ஆட்டக்காரர் உள்ளூர்க்காரரைவிடச் சிறிது மேலானவராக இருந்தால் போதாது. ஓர் இடத்தை வீணாக்கினோமே என்று எவரும் சொல்ல முடியாத அளவுக்கு மேலானவராக இருக்க வேண்டும்.

மலேசியாவில் இக்கணக்கு 1989இல் தொடங்கியது. அவ்வாண்டு பகுதி நேரத் தொழில்முறை லீக் உருவாகி, மாநில அணிகளுக்கு வெளிநாட்டினர் வந்தனர். பெரும்பாலும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். அத்திபூத்தாற்போல் சில பின்வரிசையினரும் வந்தனர். ஆஸ்திரேலியரான ஆலன் டேவிட்சன் பகாங்குக்கு ஆடினார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் இருந்தவர். 1994இல் கிண்ணம் வென்ற சிங்கப்பூர் அணியில் தென் கொரியரான ஜாங் ஜங் நின்றார். இவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெட்டி கட்டியவர்கள். எங்கள் தோட்டத்து மொழியில் கூறினால் ‘தோட்டம் மாறுகிறவர்கள்’.

1994இல் முழுநேரத் தொழில்முறைக் காலம் பிறந்தது. பிறந்த கையோடு பெரும் களங்கமும் வந்தது. சூதாட்டக்காரர்களுடன் சேர்ந்து ஆட்ட முடிவுகளை விற்ற விவகாரத்தில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆட்டக்காரர், பயிற்றுநர் என 21 பேர் நீக்கப்பட்டனர். சிங்கப்பூர் மலேசிய லீக்கிலிருந்து விலகி 1996இல் தனக்கென ஒரு லீக்கைத் தொடங்கியது. இந்த விவகாரத்தில் எனக்கு வருத்தமளிப்பது ஒன்று. விலை போன ஆட்டத்தில் முன்வரிசைக்காரன் கோலைத் தவறவிட்டால் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்பார்கள். பின்வரிசைக்காரன் வழுக்கி விழுந்தால் ‘காசு வாங்கிவிட்டான்’ என்பார்கள். நேர்மையாக ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர்களும் அந்த ஆண்டுகளில் தலைகுனிந்தே நடந்தனர்.

எங்கள் மாநிலத்துக்குத் திரும்புவோம். நெகிரி செம்பிலான் 1948இல் மலாயா கிண்ணத்தை வென்றது. அடுத்து வெல்ல 61 ஆண்டுகள் பிடித்தன! 2009இல் கிளந்தானை 3-1 எனவும், 2011இல் திரெங்கானுவை 2-1 எனவும் வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. இடையில் 2010இல் எஃப்.ஏ. கிண்ணம். இம்மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு: 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை. வெளிநாட்டவர் இல்லாதபோது எங்கள் மாநிலம் வென்றது என்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன். பெரிய பணம் படைத்த மாநிலங்களின் கை கட்டப்பட்டிருந்த காலம் அது.

அந்த அணியில் எழுந்தவர் எஸ். குணாளன். அப்போது அவர் பக்கவாட்டில் பறக்கும் தாக்குதல் ஆட்டக்காரர். 2010 டிசம்பரில் ராஜகோபாலின் பயிற்சியில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய மலேசிய அணியிலும் இடம்பெற்றார். 2012இல் வெளிநாட்டவர் மீண்டும் வந்தனர். முன்வரிசை இடங்கள் அவர்களிடம் சென்றன. குணாளன் சிலாங்கூருக்கு மாறி, 2015இல் ஜொகூர் டாருல் தாக்சிம் அணிக்குச் சென்றார். அங்கே அவர் செய்ததுதான் பாடம் நடத்தத் தக்கது: முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தார். வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராகத் தம்மை மாற்றிக்கொண்டார். வயது ஏற ஏற வேகம் குறையும் என்று அஞ்சும் பருவத்தில் புது வேலை கற்றார். 2015 அக்டோபர் 31ஆம் நாள் தாஜிகிஸ்தானின் துஷன்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஜொகூர் அணி ஏ.எஃப்.சி. கிண்ணத்தைப் பெற்றது. மலேசிய கிளப் ஒன்று ஆசிய அளவில் அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. பின்வரிசையில் ஆடியதால்தான் குணாளனின் ஆட்டக்காலம் நீண்டது என்பது என் கணிப்பு.

ஆனால் எல்லாரும் குணாளன் ஆகிவிட முடியாது. கீழ்நிலை லீக்குகளில் ஆடிய நம் இளைஞர்களின் கதை வேறு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியான மிஃபா, 2017இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடியது. மாநில அணிகளில் இடம் கிடைக்காத பல தமிழ் இளைஞர்களுக்கு அது ஒரு வாசல். பின்னர் அவ்வணி கைமாறி, பெயர் மாறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று சூப்பர் லீக் வரை ஏறியது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்தே விலகிவிட்டது. ஓர் அணி விலகும்போது செய்தியில் நான்கு வரி வரும். இருபது, இருபத்தைந்து இளைஞர்கள் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்தனர் என்பது அந்த நான்கு வரியில் வராது. மலேசிய லீக்கில் சம்பள பாக்கி என்னும் சொல் புதிதன்று. பல அணிகளில் பல மாதச் சம்பளம் வராமல் ஆட்டக்காரர்கள் புகார் செய்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். பெயர் பெற்றவருக்கு வேறு அணி உடனே கிடைக்கும். பின்வரிசையில் நிற்கும் பெயரறியா இளைஞன் மாலையில் பந்தும் பகலில் தொழிற்சாலை வேலையுமாகத் தன் பாட்டன் காலத்துக்கே திரும்புகிறான்.

எல்லை தாண்டும் வழி இப்போது சிறிது அகன்றுள்ளது. ஆசியான் நாட்டவர்க்கெனத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் வந்த பின், சிங்கப்பூரின் அனுமந்தன் 2021இல் கெடாவுக்கு ஆடினார். அவர் தற்காப்புக்கு முன்னே நின்று தடுக்கும் ஆட்டக்காரர். பத்மநாதன் நடந்த அதே தடம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்தில் வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி கிளப்பின் முதன்மை அணிக்குக் களமிறங்கினார். அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய அணி அது. ஆங்கிலத் தொழில்முறைக் காற்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று உலகத் தமிழர் அவரைக் கொண்டாடினர். அவர் நடுத்திடல் ஆட்டக்காரர். பின்வரிசைக்கு இன்னும் ஓர் அடி மிச்சமிருக்கிறது.

இவற்றையெல்லாம் சுருக்கி என் மாணவனிடம் கூறினேன். பத்மநாதனைப் பற்றி எழுதப் போவதாக உடனே முடிவு செய்துவிட்டான். குறிப்பேட்டில் பெயர், நாடு, ஆடிய அணி, வென்ற கிண்ணம் என்று கட்டம் போட்டான். ‘போட்ட கோல்’ என்று ஐந்தாவது கட்டத்தையும் பழக்கத்தால் போட்டுவிட்டு, சற்று யோசித்து, அதை அழித்தான். பிறகு நிமிர்ந்து, “ஐயா, பகாங்குக்குப் போனப்போ அவரு எங்க தங்கினாரு? யாரு சமைச்சுக் கொடுத்தது?” என்று கேட்டான்.

கட்டுரை திங்கட்கிழமை என் மேசைக்கு வர வேண்டும்.